மயிலாத்தாளின் இடது கண்

பிப்ரவரி 9

நேற்று மயிலாத்தாள் அமெரிக்கா போய்விட்டாள். மகள் சிந்துஜாவுக்குப் பிரசவம். ஆறு மாதம் கழித்துத்தான் வருவாள். விமான நிலையத்தில் உள்ளே போகும் முன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதுவும் கேஸை மூடினீர்களா என்று கேட்பதற்காக.

இந்த டைரி பெயிண்ட் கடை ஹபீப் பாய் வருடா வருடம் கொடுப்பது. கடைசிப் பக்கங்களில் கட்டம் கட்டமாகப் பெயிண்ட் நிறங்கள் இருக்கும். இதுவரை மயிலு இதில் கோலம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டில் ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. முன் அறையில் நாற்பத்து மூன்று பேர் நிற்கிறார்கள், எல்லாம் மரம். கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்து மூன்று வருடம் பேக்கிங் பிரிவில் பெட்டி அடித்தவன் நான். மோட்டாரை உள்ளே வைத்துப் பலகையை மூடி ஆணி அடிப்பதுதான் வேலை. எனக்கு யாரும் சிற்பம் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் பெட்டிகளை அடுக்கும் மரப் பேலட் உடைந்து, அதிலிருந்து விழுந்த கட்டை ஒன்று சினிமா வில்லன் மூக்கு மாதிரியே இருந்தது. உளியை வைத்து இரண்டு தட்டு தட்டினேன். மூக்குக்கு மீசை வந்தது, மீசைக்கு ஆள் வந்தான். அப்படித்தான் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். லுங்கி கட்டிப் பறக்கிற சூப்பர் ஹீரோ, ஒற்றைக் காலில் நின்று கையைத் தூக்கும் கிரிக்கெட் அம்பயர், கயிற்றை இழுத்தால் வாயைத் திறக்கும் செய்தி வாசிக்கும் பெண், திருகாணி வைத்த இடுப்பை ஆட்டும் குத்தாட்ட நடிகர். எல்லாருக்கும் கருப்புக் கூலிங் கிளாஸ். அம்பயருக்கும் உண்டு, செய்தி வாசிக்கிற அம்மாவுக்கும் உண்டு. அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

பிப்ரவரி 10

ரசம் வைத்தேன். ரசம் என்று நினைத்து வைத்தேன்.

பிப்ரவரி 27

பேத்தி பிறந்துவிட்டாள். காலை ஆறரைக்கு வீடியோவில் கூப்பிட்டார்கள். மயிலுவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியவில்லை. முதலில் மின்விசிறி தெரிந்தது, அப்புறம் குழந்தையின் பாதம், அப்புறம் மயிலுவின் நெற்றியில் பாதி.

"தெரியுதுங்களா?" என்றாள்.

முகத்தைக் காட்டு புள்ள என்று வாய் வரை வந்தது. "குழந்தையை நல்லாக் காட்டு" என்று சொன்னேன். நெற்றியும் போய்விட்டது.

மார்ச் 12

'மாளிகை மருமகள்' சீரியலில் வருகிற சௌபர்ணிகாவைச் செதுக்குகிறேன். மாமியாருக்குக் கொடுக்கிற பாலில் எதையோ கலக்குவாளே, அவள்தான். மயிலு இதை அங்கேயும் விடாமல் பார்க்கிறாளாம். இங்கே இருந்தபோது ஒரு காலை மடித்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ரிமோட்டை டிவிக்கு முன்னால் நீட்டி, "நீ நல்லா இருப்பியாடி" என்று திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துவிட்டார்கள்.

சௌபர்ணிகாவுக்குப் பாட்டில் மூடி அளவில் பொட்டு, மேலே தூக்கிய புருவம், அதற்குக் கீழே கூலிங் கிளாஸ்.

இவ்வளவு எழுதிவிட்டேன், உண்மையையும் எழுதிவிடலாம். எனக்குக் கண் செதுக்க வராது. முதல் பொம்மைக்குக் கண் வைத்தேன். சிந்துஜாவுக்கு அப்போது பதினான்கு வயது. "அப்பா, இவருக்கு ஊசி போடப் போறாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கே அந்தக் கண் மேல் கருப்புப் பெயிண்டை அப்பினேன். பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் கண் வைத்ததில்லை.

மயிலு எந்த நடிகையையும் செய்யச் சொல்லிக் கேட்டதில்லை. அவள் கேட்டது வேறு. அது இப்போது எதற்கு.

மார்ச் 30

சரி, எழுதிவிடுகிறேன்.

ஒரு தடவை மயிலு பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லுங்கி ஹீரோவின் முதுகைத் துடைத்தபடியே, "இத்தனை பேரைச் செஞ்சீங், என்னை ஒண்ணு செய்யலீங்களே" என்றாள்.

"நீ என்ன நடிகையா?" என்றேன்.

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். மீதியிருந்த பொம்மைகளையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அப்புறம் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை, அதனால் மறந்திருப்பாள்.

இன்று பழைய மரக்கடையில் ஆணி ஓட்டை ஒன்றுகூட இல்லாத பைன் கட்டை ஒன்று கிடைத்தது. ஆகஸ்டில் மயிலு வந்து கதவைத் திறக்கும்போது அவளே நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து ரிமோட்டை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எதிரில் சௌபர்ணிகா.

கூலிங் கிளாஸ் கிடையாது. கண் வைக்கப் போகிறேன்.

ஏப்ரல் 16

மயிலுவின் மடித்த கால் வந்துவிட்டது. கட்டைவிரலைக் கொஞ்சம் பெரிதாகவே செய்தேன், அவளுக்கு அப்படித்தான்.

ஹபீப் பாயோடு சண்டை. வெள்ளைப் பெயிண்ட் கேட்டேன். வீட்டுக்கு வந்து திறந்தால் சந்தன நிறம். திருப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னங்ணா, இது பால் மாதிரி இருக்குதுங்களே" என்றார்.

"பாலா? பாலாடை மாதிரி இருக்குது பாய்."

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் டப்பாவைப் பார்த்தார். வியாபாரம் பெருத்துவிட்டால் மனுஷன் மாறத்தான் செய்வான். செய்தி வாசிக்கும் பெண், அம்பயர் இரண்டு பேர் பல்லுக்கும் இதில் துளி நீலம் கலந்து மஞ்சளை எடுத்துவிட்டுப் பூசினேன், பளிச்சென்று வந்தது. மீதியைச் சந்தனமாகவே வைத்துக்கொள்கிறேன், மயிலுவின் சேலைக்கு ஆகும். அமெரிக்கா கிளம்பிய அன்று சந்தன நிறச் சேலைதான் கட்டியிருந்தாள்.

இப்போது வருகிற பல்புகளும் சரியில்லை. மூன்றாவது தடவையாக மாற்றிவிட்டேன், அறை மங்கலாகவே இருக்கிறது.

மே 4

கண் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகப் பீரோவிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். தாலி கட்டும் படத்தில் தலை குனிந்திருக்கிறாள். மாலை மாற்றும்போதும் குனிந்த தலைதான். சாப்பாட்டுப் பந்தியில் இலையைப் பார்க்கிறாள். பெண் நிமிர்ந்தால் சபையில் பேசுவார்கள் என்று அவள் அத்தை பின்னால் நின்று தலையை அமுக்கிக்கொண்டே இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிந்துஜாவின் கல்யாணத்தில் மயிலு ஓடிக்கொண்டே இருந்தாள், எல்லாப் படத்திலும் முதுகு. ரேஷன் கார்டுப் படத்தில் அவள் முகம் வெறும் மைக் கறை.

முப்பத்து நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். வில்லன் நடிகரின் மூக்கு எத்தனை இடத்தில் வளைந்திருக்கிறது என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். இவள் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மே 22

காந்திபுரம் போக ஏறினேன், பஸ் துடியலூர் போனது. போர்டை இவ்வளவு சின்ன எழுத்தில் எழுதினால் மனுஷன் எப்படிப் படிப்பான்?

ஜூன் 18

மாப்பிள்ளை கூப்பிட்டார். "மாமா, அத்தை இன்னும் ஆறு மாசம் இருந்தா சிந்துவுக்கு உதவியா இருக்கும். விசாவுக்கு எழுதிப் போட்டா கிடைச்சிரும். உங்களுக்குச் சிரமமுங்களா?"

"தாராளமா இருக்கட்டுமுங் மாப்பிள்ளை. எனக்கென்ன?"

பின்னால் மயிலுவின் குரல் கேட்டது. "அவரு என்ன சொன்னாருங்?"

"மாமாவுக்கு ஒண்ணும் சிரமம் இல்லீங்களாம் அத்தை."

அப்புறம் அவள் போனை வாங்கவே இல்லை. மாப்பிள்ளை மட்டும் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தார்.

எனக்கென்ன என்று சொன்ன இந்த வாயை என்ன செய்வது? எனக்கு அவள் வேண்டும். குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கத்தினால் "கொடியில இருக்குது, கண்ணு தெரியாதா" என்று யாராவது பதிலுக்குக் கத்த வேண்டும். இரண்டு டம்ளர் காப்பி போட்டு ஒன்றைக் கொட்டினேன் இன்றைக்கு. இதையெல்லாம் டைரியில் எழுத வருகிறது, போனில் சொல்ல வரவில்லை.

ஜூலை 8

முடித்துவிட்டேன். கண்ணுக்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. நிறத்துக்கு நான் யோசிக்கவே இல்லை. கருவிழி என்றுதானே சொல்கிறோம்? கருப்பு டப்பாவைத் திறந்தேன், இரண்டு கண்ணுக்கும் நல்ல கருப்பாக வைத்தேன். கை கொஞ்சம் தடுமாறியது, ஆனால் ஊசி போடப் போகிற முழி இல்லை.

ஆகஸ்டில் வரப்போவதில்லை என்றால் இதை யாருக்காக வைத்துக்கொண்டிருப்பது? ஹபீப் பாயை வரச்சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் பொம்மையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணா, சேலைக்கு வேற கலரு அடிச்சுட்டு அனுப்பலாமுங்களா?"

"ஏன், அவளுக்குப் பிடிச்ச கலரு பாய்."

அவர் படத்தை எடுத்து அனுப்பினார்.

ஜூலை 10

மயிலு படத்தைப் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டுகிறதாம், ஹபீப் பாய் சொன்னார். பதில் இல்லை. நேற்றும் இன்றும் காலையில் கூப்பிடவும் இல்லை.

ஜூலை 11

காலை ஆறரைக்குக் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"என் மேல உங்களுக்கு என்ன கோபமுங்?"

"கோபமா? எனக்கா?"

"பொம்மைக்கு என்ன சேலை கட்டி விட்டிருக்கீங்?"

"நீ கிளம்பற அன்னைக்குக் கட்டியிருந்தியே, அந்தச் சந்தனக் கலரு."

அந்தப் பக்கத்தில் குழந்தை மட்டும் சிணுங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "பொம்மை மேல இருக்கறது வெள்ளைங். நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே எனக்கு வெள்ளைச் சேலை கட்டிட்டீங். ரெண்டு நாளா நான் சோறு உங்கலை."

வெள்ளை இல்லை புள்ள, சந்தனம்தான், பாயைக் கேள் என்று ஏதேதோ சொன்னேன்.

அவள் குரல் மாறிவிட்டது. "செவுத்துல காலண்டர் இருக்குதுங்களா? இன்னைக்கு என்ன தேதி?"

"பதினொண்ணு."

"அதுக்குக் கீழ சின்னதா ராகுகாலம் போட்டிருக்கும். படிங்."

காலண்டருக்குப் பக்கத்தில் போய் மூக்கை வைத்து நின்றேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. "ஏழரையிலிருந்து ஒன்பது" என்றேன் துணிச்சலாக.

"அது திங்கக்கெழமைக்குங். இன்னைக்குச் சனி."

காலண்டரிலிருந்து மூக்கை எடுத்தேன்.

"பொம்மைக பல்லுக்கு நீலமா அடிச்சிருக்கீங், வீடியோவுல பார்த்தப்பவே நினைச்சேன். புதுசா எதையோ பண்ணிப் பார்க்கறீங்னு விட்டுட்டேன். எத்தனை நாளாங் இப்பிடி?"

"பல்பு சரியில்லை மயிலு."

"நான் வர்றேன்."

"கண்ணுக்காகவெல்லாம் நீ வர வேண்டாம்."

"பின்ன எதுக்காக வரட்டுமுங்?"

"போன்ல சார்ஜ் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் நிறைய இருந்தது.

ஜூலை 26

வந்துவிட்டாள். செப்டம்பர் இரண்டாம் தேதி திரும்பிப் போக டிக்கெட்டும் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அப்போது சிந்துஜா வேலைக்குப் போக ஆரம்பிக்கிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

விமான நிலையத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை என் கையைப் பிடித்த பிறகுதான் மயிலு என்று தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்ததும் பொம்மைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது யாருங்?"

"நீதான்."

"என்ற கண்ணா இது?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் தடவிப் பார்த்தேன். பொம்மை மேல் ஒரு துணி சுற்றியிருந்தது.

"எதுக்கு?" என்றேன்.

"தூசி படியாம இருக்கட்டுமுங்."

ஆகஸ்ட் 4

நேற்று வலது கண்ணில் கண்புரை எடுத்தார்கள். இடது கண்ணுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார் டாக்டர். அவர் சொன்ன அளவைப் பார்த்தால் நான் இரண்டு வருடமாகவே அரைக் குருடனாகத் திரிந்திருக்கிறேன். பல்பு கம்பெனிக்காரர்களையும் ஹபீப் பாயையும் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை நர்ஸ் கட்டைப் பிரித்தாள். "முன்னால இருக்கறவங்களைப் பாருங்கய்யா" என்றாள். முன்னால் மயிலு குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருப்பு இல்லை. அவள் கண் கருப்பே இல்லை. கருப்பட்டிப் பாகை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு நிறம் தெரியுமே, அந்தப் பழுப்பு. அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு சாம்பல் வளையம். வலது கண்ணில் கீழ் ஓரத்தில் மிளகில் பாதி அளவு ஒரு புள்ளி. முப்பத்து நான்கு வருடமாக இது எனக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது.

"தெரியுதுங்களா?" என்றாள்.

நான் அழுதேன். நர்ஸ் சத்தம் போட்டாள், கண்ணில் தண்ணீர் விடக் கூடாதாம். கருப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தோம். நாற்பத்து நான்கு கூலிங் கிளாஸ் அங்கே என்னைப் பார்த்து நின்றன. மயிலு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "வாங், நாப்பத்தஞ்சாவது ஆளு" என்றாள். செய்தி வாசிக்கும் பெண் நீலப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்பயருக்கும் நீலப் பல்.

துணியை எடுத்தேன். மயிலுவின் சிவப்பு ரவிக்கைத் துணி அது. உள்ளே பளீரென்று வெள்ளைச் சேலை. எடுத்த வேகத்தில் திரும்பவும் சுற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 9

மரத்தூள் ஆகாது, உளியைத் தொடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பெயிண்ட் அடிக்கலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. சேலை நிறத்தை மயிலுவையே எடுக்கச் சொன்னேன். டைரியின் கடைசிப் பக்கங்களை அரை மணி நேரம் புரட்டி, அரக்கு எடுத்தாள். ஹபீப் பாய் தானே டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் கைகூப்பினேன், அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 14

ஒரு நாளைக்கு ஆறு தடவை மயிலு கண்ணில் சொட்டு மருந்து விடுகிறாள். நான் கட்டிலில் படுக்க வேண்டும், அவள் மேலே குனிவாள்.

"மேல பாருங்."

"மேலதான் பார்க்கறேன்."

"என்னைப் பார்க்கறீங். மோட்டுவளையைப் பாருங்."

ஒரு நாளைக்கு ஆறு தடவை. இந்த ஆபரேஷனைப் பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

ஆகஸ்ட் 21

பொம்மையின் இரண்டு கண்ணையும் உப்புத்தாளில் தேய்த்தாயிற்று. மயிலுதான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தேய்த்தாள், என்னை வாசலில் உட்கார வைத்துவிட்டாள். அப்புறம் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். டைரியில் இருக்கிற பழுப்புக் கட்டங்கள் பதினாறையும் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. காவியில் கருப்பு, கருப்பில் மஞ்சள், மறுபடி துளி காவி என்று கலந்துகொண்டே இருந்தேன்.

பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்னைக்குங்?"

"நீ என்ன நடிகையான்னு."

"அதுவா?" என்றாள். "அது ஆச்சுங் ஆறு வருஷம். வர்ற புரட்டாசி வந்தா ஏழு."

அதற்குப் பிறகு நான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அவள் கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணை வைத்தேன். பழுப்பு, சாம்பல் வளையம், கீழ் ஓரத்தில் புள்ளி. நான் செய்ததிலேயே முதல் முறையாக ஒரு பொம்மை என்னைப் பார்த்தது.

மயிலு எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இப்ப நான்தானுங்" என்றாள்.

"அந்தக் கண்ணு?"

"வெளிச்சம் போயிருச்சு. நாளைக்கு."

ஆகஸ்ட் 22

"இன்னைக்கு வைக்கறீங்களா?" என்று கேட்டாள். கை நடுங்குகிறது, நாளைக்கு என்றேன்.

ஆகஸ்ட் 24

காலையில் மழை, பெயிண்ட் காயாது. நாளைக்கு.

ஆகஸ்ட் 27

பிரஷ் முடி உதிர்கிறது என்றேன். மயிலு பிரஷ்ஷை வாங்கி இழுத்துப் பார்த்தாள். ஒரு முடிகூட வரவில்லை. திருப்பிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 30

பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தாள். சிந்துஜாவுக்குப் பருப்புப் பொடி இடித்து டப்பாவில் அடைத்தாள். சாயந்திரம் முன் அறைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அரக்குச் சேலை கட்டிய பொம்மை ஒற்றைக் கண்ணால் சௌபர்ணிகாவை முறைத்துக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் வெறும் மரம்.

"ரெண்டாந்தேதி நான் கிளம்போணும். இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்குது" என்றாள். "என்னங் செய்யப் போறீங்?"

பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். கலவை தயாராக இருந்தது. அவள் கண்ணும் எதிரில் இருந்தது. கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தேன்.

"எதுக்காக வரட்டும்னு போன்ல கேட்டியே."

"கேட்டேனுங்."

"எனக்காக வந்திருன்னு சொல்லியிருக்கோணும். சொல்ல வரலை புள்ள. இப்பவும் போகாதேன்னு சொல்ல வரலை."

அவள் பொம்மையைப் பார்த்தாள், அப்புறம் என்னை. என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்துக் குவளையில் நிறுத்தினாள்.

"நாளைக்கு வெச்சுக்கலாமுங்" என்றாள். "அவசரமில்லை."

பிறகு போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். "சிந்து, அந்த டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடு கண்ணு. அப்பாவுக்கு இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்குது" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது.

செப்டம்பர் 3

இன்றும் இடது கண் வைக்கவில்லை.